ஓட்டத்தை விட்ட பிறகு ஓடக் கற்றுக்கொடுப்பது

கேள்வி: எனக்கு வயது 28. பத்து ஆண்டுகளாக 100, 200 மீட்டர் ஓடினேன். வலது தொடையின் பின்தசை இரண்டு முறை கிழிந்ததால் இந்த சீசனோடு போட்டிகளை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மாலையில் 12 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கு விரைவோட்டப் பயிற்சியும் கொடுக்கிறேன். என் கோச் எனக்குக் கொடுத்ததையே கொஞ்சம் குறைத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் முழங்கால் வலி, குதிகால் வலி என்கிறார்கள். இன்னும் சிலர் சலித்துப்போய் வருவதே இல்லை. நான் ஓடிக் காட்டினால் கைதட்டுகிறார்கள், ஆனால் அவர்கள் ஓட்டம் மாறவில்லை. பகல் வகுப்பில் 40 பேர். ஒரு பாடவேளையில் அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே புரியவில்லை. நன்றாக ஓடியவளால் நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வது உண்மைதானா?

பதில்: உண்மையில்லை. ஆனால் ஓடிய அனுபவம் மட்டும் உங்களைப் பயிற்றுநராக்கிவிடாது என்பது உண்மை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற வில்மா ருடால்ஃப், 1962-இல் போட்டிகளை விட்டார். 1963-இல் கல்வியியல் பட்டம் முடித்த பிறகு பள்ளி ஆசிரியையாகவும் தடகளப் பயிற்றுநராகவும் வேலை பார்த்தார். பி.டி. உஷா 2002-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து வந்தவர்களில் பெயர் பெற்றவர் டின்டு லூக்கா. 2010-இல் 800 மீட்டரை 1:59.17-இல் ஓடியவர். உஷா புகழ்பெற்றது 800 மீட்டரில் அல்ல என்பதைக் கவனியுங்கள். தன் ஓட்டத்தை மாணவியின் காலில் ஏற்றிவிடாமல், மாணவிக்கு எந்த ஓட்டம் வரும் என்று பார்ப்பதுதான் பயிற்றுநரின் வேலை. உங்கள் சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

"கொஞ்சம் குறைத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். அளவைக் குறைத்தால் போதாது, பயிற்சியின் வகையே மாற வேண்டும். உங்களுக்கு 6 முறை 150 மீட்டர் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பாதியாக்கி 3 முறை கொடுக்கிறீர்கள். புதிதாக ஓட வந்த 13 வயதுப் பெண் 25, 30 மீட்டருக்குள் தன் உச்ச வேகத்தைத் தொட்டுவிடுவாள். அதை ஒன்றிரண்டு வினாடிதான் பிடித்துவைப்பாள். மீதி நூறு மீட்டர் முழுக்க தோளை இறுக்கிக்கொண்டு, இடுப்பு கீழே இறங்க, குதிகாலை ஊன்றி ஓடுவாள். அதாவது நீங்கள் அவளுக்கு மெதுவாகவும் தப்பாகவும் ஓடுவதில் தீவிரப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வேகம் கூடாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த வயதில் விரைவோட்டம் என்றால் 10 முதல் 30 மீட்டர்தான். ஒரு நாளில் முழு வேகத்தில் ஓடும் மொத்தத் தூரம் 250 மீட்டருக்குள் நிற்கட்டும். வாரம் இரண்டு நாள், இடையில் 48 மணி நேரம். ஓய்வுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம். 20 மீட்டர் ஓடினால் இரண்டு நிமிடம். பிள்ளைகளுக்கு மூச்சு வாங்காது, அவர்களே "இன்னொரு தடவை மிஸ்" என்பார்கள். அதை நம்பாதீர்கள். தசைக்குள் உடனடி ஆற்றல் மீண்டும் நிரம்புவதற்கும், நரம்புகள் அடுத்த முழு முயற்சிக்குத் தயாராவதற்கும் அந்த நேரம் தேவை. மூச்சு அதைக் காட்டிக்கொடுக்காது. ஸ்டாப்வாட்ச் ஓரளவு காட்டிக்கொடுக்கும். 20 மீட்டர் 3.5 வினாடியில் ஓடியவள் அடுத்தடுத்து 3.6, 3.7 என்று போனால் அன்றைக்கு அவளுக்கு ஓட்டம் முடிந்தது, விளையாட்டுக்கு மாற்றுங்கள்.

ஒரு மணி நேரப் பயிற்சியை இப்படிப் பிரிக்கலாம். முதல் 15 நிமிடம் வார்ம்-அப்: மெல்லோட்டம், துள்ளல் நடை, காலை முன்னும் பின்னும் வீசுதல், கடைசியில் 40 மீட்டரை 60, 70, 80 சதவீத வேகத்தில் ஒவ்வொரு முறை. அடுத்த 10 நிமிடம் முழங்காலை உயர்த்தி நடத்தல், அதையே துள்ளலாகச் செய்தல், கணுக்காலை விறைப்பாக வைத்துச் சிறு அடி எடுத்தல், ஒவ்வொன்றும் 15 மீட்டர் இரண்டு தடவை. பிறகு 6 முறை 10 மீட்டர், ஒவ்வொரு முறையும் வேறு நிலையிலிருந்து: நின்று, ஒரு முழங்காலிட்டு, குப்புறப் படுத்து, முதுகைக் காட்டித் திரும்பி. அடுத்து 4 முறை 20 மீட்டர். இந்த இரண்டுக்கும் ஓய்வோடு சேர்த்து 15 நிமிடம் ஆகும். ஓடிய தூரம் மொத்தம் 140 மீட்டர்தான். பத்து நிமிடம் தொட்டுப்பிடித்து மாதிரி ஏதாவது ஒன்று. துரத்தப்படும் பிள்ளை ஓடுகிற வேகத்தை எந்த விசிலாலும் வாங்க முடியாது. கடைசிப் பத்து நிமிடம் உடல் எடையை மட்டுமே வைத்து வலுப்பயிற்சி: உட்கார்ந்து எழுதல், முன்னடி எடுத்துத் தாழ்தல், குதிகால் உயர்த்துதல், முழங்கைகளிலும் கால்விரல்களிலும் உடலை நேராகத் தாங்கும் பிளாங்க். இதோடு, முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலைத் துணைவர் அழுத்திப் பிடிக்க, முதுகை வளைக்காமல் மெதுவாக முன்னே சாயும் பயிற்சி, 3 முதல் 5 முறை வீதம் இரண்டு சுற்று. தொடைப் பின்தசை பெரும்பாலும் கிழிவது, வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே காலைத் தடுத்துப் பிடிக்கும் நேரத்தில். ஆகவே நீளும்போது தாங்கும் வலுவை அதற்குப் பழக்க வேண்டும். முதல் வாரத்தில் மறுநாள் வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்து தொலைபேசி வரும்.

இப்போது அந்த முழங்கால், குதிகால் வலி. முழங்கால் சில்லுக்குக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் தொட்டால் வலிக்கிறதா? குதிகாலின் பின்புறத்தை இரண்டு பக்கமும் அழுத்தினால் வலிக்கிறதா? இந்த இரண்டு இடங்களிலும் தசைநாண் எலும்பில் ஒட்டும் பகுதி வளரும் வயதில் இன்னும் குருத்தெலும்பாக இருக்கிறது. எலும்பு வேகமாக நீளும்போது தசை இறுகி அந்த இடத்தை இழுக்கிறது. கடினத் தரையில் தாவலும் குதித்தலும் சேர்ந்தால் வலி வரும். முதலாவதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள், இரண்டாவதை சீவர். தாவல் பயிற்சிகள் கொடுத்திருந்தால் அவற்றில் எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து நோட்டில் எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்கு வளர்ச்சியின் உச்சம் சுமார் 12 வயதில், ஆண் பிள்ளைகளுக்குச் சுமார் 14-இல். அந்த உச்சத்தில் பெண் பிள்ளை ஆண்டுக்கு 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்வாள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் அவளுக்குத் தாவல்களைக் குறையுங்கள், ஆணி வைத்த ஸ்பைக்ஸ் காலணியைக் கழற்றி வையுங்கள், முடிந்தவரை புல்தரையில் ஓடவிடுங்கள். அந்த மாதங்களில் அவள் ஓட்டம் கோணலாகும், நேரம்கூடக் கெடலாம். கால் நீண்டிருக்கிறது, அதை ஆளும் வலு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சோம்பல் என்று திட்டி அனுப்பிவிட்டால் பதினைந்து வயதில் அவளைத் தேட வேண்டியிருக்கும். நொண்டுகிறாள், வலி இரவில் எழுப்புகிறது, வீக்கம் இருக்கிறது என்றால் உங்கள் வேலை முடிந்தது, மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஓடிக் காட்டினால் கைதட்டுகிறார்கள், கற்பதில்லை என்கிறீர்கள். முழு வேகத்தில் உங்கள் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி. அதில் ஒரு பிள்ளையின் கண் எதைப் பிடிக்கும்? உயர்ந்து வரும் முழங்காலை மட்டும் பார்த்துவிட்டு, அதை மட்டும் தூக்கிக் காட்டும்; தரையைத் தள்ளாமல் இடத்திலேயே குதிக்கும். உங்கள் உடலுக்கு எது தானாக வருகிறதோ அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் உங்களுக்கு ஆகக் கடினம். ஓடத் தடுமாறி, ஒவ்வொரு அடியையும் யோசித்துக் கற்றவருக்கு இந்த இடத்தில் உங்களைவிடச் சொற்கள் கைவசம் இருக்கும். நீங்கள் அந்தச் சொற்களைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

ஆகவே முழு வேகத்தில் காட்டாதீர்கள். நடையில் காட்டுங்கள், பிறகு துள்ளலில், பிறகு பாதி வேகத்தில். அவர்கள் ஓட்டத்தை போனில் படமெடுங்கள். சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 படம். பாதம் தரையில் இருக்கும் நேரம் மூன்று படத்தில் முடிந்துவிடும், எதுவும் தெரியாது. 240 படம் எடுக்கும் மெதுவியக்க வசதியைப் போடுங்கள். ஓடுபாதைக்குச் செங்குத்தாக, பத்து மீட்டராவது தள்ளி, இடுப்பு உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். கையில் பிடித்துக் கூடவே திருப்பினால் உடற்சாய்வு ஒவ்வொரு படத்திலும் மாறித் தெரியும். முதல் மாதம் இரண்டே இரண்டைப் பாருங்கள்: பாதம் இடுப்புக்கு எவ்வளவு முன்னால் விழுகிறது, விழும்போது முன்பாதம் படுகிறதா குதிகால் படுகிறதா.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு குறிப்பு மட்டும் சொல்லுங்கள். அந்தக் குறிப்பும் உடல் உறுப்பைப் பற்றி இல்லாமல் வெளியே உள்ள ஒன்றைப் பற்றி இருப்பது நல்லது. "முழங்காலைத் தூக்கு" என்பதைவிட "தரையைப் பின்னால் தள்ளிவிடு". "உடம்பைச் சாய்" என்பதைவிட "அந்தக் கூம்பைத் தலையால் முட்டப் போ". கவனத்தை வெளியே வைக்கும்போது இயக்கம் இன்னும் நன்றாகக் கற்கப்படுகிறது என்பதை ஆய்வாளர் கேப்ரியேல வுல்ஃபும் பிறரும் பல திறன்களில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் திருத்தவும் வேண்டாம். இரண்டை விட்டு மூன்றாவதில் பேசுங்கள். பேசுமுன் "உனக்கு எப்படி இருந்தது?" என்று அவளைச் சொல்லவிடுங்கள்.

காலை ஊன்றித் தள்ளிக் கிளம்பும் ஸ்டார்டிங் பிளாக்கை எல்லோரும் முதல் நாளே கேட்பார்கள். தள்ளிப்போடுங்கள். குனிந்த நிலையிலிருந்து உடலை முன்னால் எறிய காலில் வலு வேண்டும். அது இல்லாத பிள்ளை முதல் அடியிலேயே நிமிர்ந்துவிடும். "தலையைக் குனி" என்று கத்தினால் இடுப்பில் மடங்கி ஓடும், அது இன்னும் மோசம். நின்ற நிலை, பிறகு ஒரு கை ஊன்றிய நிலை, அதில் முதல் மூன்று அடி நேராக வந்த பிறகு பிளாக். கோட்டிலிருந்து முன்பலகைக்கு அவளுடைய பாத அளவில் இரண்டு, பின்பலகைக்கு மூன்று என்று தொடங்கி, அவளுக்கு ஏற்ப நகர்த்துங்கள். இடுப்பைத் தூக்கிக் காத்திருக்கும் 'செட்' நிலையில் முன்கால் முழங்கால் கோணம் 90 டிகிரியை ஒட்டி, பின்காலில் 120 முதல் 140, இடுப்பு தோளைவிடச் சற்றே மேலே. உங்கள் அளவை அப்படியே கொடுத்துவிடாதீர்கள், உங்கள் தொடை வலுவும் கால் நீளமும் வேறு.

நேரம் எடுப்பதிலும் ஒரு எச்சரிக்கை. 100 மீட்டர் தள்ளி நின்று சத்தம் கேட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினால், ஒலி வந்து சேரவே கிட்டத்தட்ட 0.3 வினாடி போய்விடும். பிள்ளை அவ்வளவு வேகமாக ஓடியதாகக் கணக்கில் விழும். துப்பாக்கிப் புகையையோ, தொடங்கி வைப்பவரின் கை இறங்குவதையோ பார்த்து அழுத்துங்கள். அப்படியும் கைக்கணக்கு மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே வரும். 100 மீட்டரில் 0.24 வினாடி கூட்டி ஒப்பிடுவது வழக்கம். கைக்கணக்கில் 13.41 வந்தால் அதிகாரபூர்வமாக அது 13.5, அடுத்த பத்தில் ஒன்றுக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இதுவரை உங்கள் நேரத்தை வேறு யாரோ எடுத்தார்கள். இனி உங்கள் விரல் எழுதும் எண்ணை நம்பி ஒரு குடும்பம் முடிவெடுக்கும்.

பகல் வகுப்பு வேறு உலகம். மாலையில் ஓட விரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள். பகலில் ஓடவே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் உங்கள் மாணவர்களே. 40 பேர் என்பது விரைவோட்டத்துக்கு அவ்வளவு பாதகமான எண்ணும் இல்லை. எட்டு பேர் வீதம் ஐந்து வரிசை. 20 வினாடிக்கு ஒரு வரிசை 20 மீட்டர் ஓடட்டும். ஒரு பிள்ளைக்கு மறுமுறை வர 100 வினாடி ஆகும், தேவையான ஓய்வில் பெரும்பகுதியை வரிசையே கொடுத்துவிடும். ஆறு சுற்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முடிவுக் கோட்டுக்கு அப்பால் 10, 15 மீட்டர் வெற்றிடம் இருக்க வேண்டும், சுவரைத் தொட்டுத் திரும்பும் ஓட்டம் வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். திரும்பி நடப்பவர்கள் வெளி ஓரமாக மட்டுமே வர வேண்டும். இல்லாவிட்டால் ஓடி வருபவர்கள் எதிரே நடந்து வருபவர்களோடு மோதிக்கொள்வார்கள்.

மதிப்பெண்ணை நேரத்துக்கு மட்டும் கொடுத்தால் முன்னதாக வளர்ந்தவர்களுக்குப் பரிசளிக்கிறீர்கள். ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவளுக்கும் டிசம்பரில் பிறந்தவளுக்கும் ஏறக்குறைய ஒரு ஆண்டு இடைவெளி. உடல் முதிர்ச்சியில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கலாம். தன் முந்தைய நேரத்தோடு ஒப்பிட்ட முன்னேற்றம், இரண்டு மூன்று தெளிவான நுட்பப் புள்ளிகள், மற்றவருக்கு நேரம் எடுத்து உதவியது என்று பிரியுங்கள். மாலை அணியைத் தேர்ந்தெடுக்கும்போதும் 12 வயது வெற்றியாளர்களை மட்டும் வைத்துக்கொண்டு கதவை மூடிவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகள் பல கோச்களிடம் வாய் திறக்காத சிலவற்றை உங்களிடம் சொல்வார்கள், அல்லது நீங்கள் கேட்டால் சொல்வார்கள். மாதவிடாய் நாளில் ஓடலாமா? உடம்புக்கு முடிந்தால் ஓடலாம், முடியாவிட்டால் குறைக்கலாம். இரண்டுமே இயல்பு என்று முதல் வாரத்திலேயே எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள். 15 வயதாகியும் மாதவிடாய் தொடங்காவிட்டாலோ, வந்துகொண்டிருந்தது தொடர்ந்து மூன்று மாதம் நின்றாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடினப் பயிற்சியின் அடையாளம் என்று சில கோச்கள் அதைப் பெருமையாகப் பேசுவதுண்டு, அது ஆபத்தான பேச்சு. உண்ணும் ஆற்றல் செலவுக்குப் போதாமல் போவதன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்பில் கீறல் விழும் வரை போகும். எடை பார்ப்பதை எல்லோர் முன்பும் செய்யாதீர்கள். எடையைப் பற்றிக் கிண்டல் உங்கள் வாயிலிருந்து ஒருமுறைகூட வரக் கூடாது. பொருத்தமான விளையாட்டு பிரா இல்லாமல் ஓட்டத்தை விட்டுவிடும் பெண்கள் உண்டு. அதைச் சாதாரணப் பொருளாக, ஷூவோடு சேர்த்துப் பேசுங்கள். பெண் என்பதால் பாதுகாப்பு விதிகள் உங்களுக்குத் தளர்வதில்லை: மூடிய அறையில் தனியாகப் பிள்ளையோடு இருக்க வேண்டாம், தொட்டுத் திருத்துமுன் கேளுங்கள், செய்தி அனுப்பினால் பெற்றோரும் உள்ள குழுவில் அனுப்புங்கள்.

ஆசிரியப் பட்டமும் பயிற்றுநர் சான்றிதழும் வேறு வேறு. முதலாவது வகுப்பை நடத்தும் தகுதி. இரண்டாவதை உங்கள் நாட்டுத் தடகளக் கூட்டமைப்பு நிலை நிலையாக நடத்தும். பதக்கம் இருந்தாலும் முதல் நிலையிலிருந்தே போங்கள், அங்கே சிறுவர் பயிற்சிதான் பாடம். முதலுதவியும் இதய இயக்க மீட்பும் (சிபிஆர்) கட்டாயம் படியுங்கள். கூடவே ஒரு சீசன், அனுபவமுள்ள எறிதல் அல்லது தாண்டுதல் கோச் ஒருவருக்கு உதவியாளராக நில்லுங்கள். உங்களுக்கு உடலால் தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பார்க்கும்போதுதான், சொல்லிக்கொடுப்பது என்ற வேலை தனியாகத் தெரியும்.

உங்கள் கால்களையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு முறை கிழிந்த பின்தசைக்கு மறுபடியும் கிழியும் வாய்ப்பு அதிகம். ஓய்வுபெற்றவர்களுக்கு அது நேர்வது பெரும்பாலும் போட்டியில் இல்லை. வார்ம்-அப் இல்லாமல் நாலு பேருக்கு ஒரு ஸ்டார்ட் காட்டப் போன இடத்தில்தான். வாரம் இரண்டு நாள் உங்களுக்கென்று லேசாக ஓடி, பின்தசை வலுவைக் காப்பாற்றுங்கள். காட்டும் ஓட்டம் 70 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், முழு வேகம் தேவைப்பட்டால் நன்றாக ஓடும் மாணவியை அழையுங்கள். ஆசை விடாவிட்டால் 35 வயதில் மூத்தோருக்கான மாஸ்டர்ஸ் போட்டிகள் திறக்கின்றன.

கடைசியாக ஒரு காகித வேலை. நீங்கள் ஊக்கமருந்துப் பரிசோதனைப் பதிவுப் பட்டியலில் இருந்தவர் என்றால், ஓய்வை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் நிறுத்திவிட்டால், எங்கே இருப்பீர்கள் என்று முன்கூட்டியே கொடுக்க வேண்டிய இருப்பிடத் தகவல் தவறியதாகப் பதிவாகும். பின்னால் மனம் மாறித் திரும்ப நினைத்தால், ஆறு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து பரிசோதனைக்கு உட்பட்டிருந்த பிறகே தேசிய, சர்வதேசப் போட்டிகளில் இறங்க முடியும். அதோடு, பயிற்றுநரான நாள் முதல் ஊக்கமருந்து விதிகள் வேறொரு விதத்தில் உங்களைக் கட்டுகின்றன. தடைசெய்யப்பட்ட பொருளை ஒரு சிறுமிக்குக் கொடுத்த பயிற்றுநருக்கு வாழ்நாள் தடை வரை போகலாம். உங்கள் பையில் மிச்சமிருக்கும் பழைய பவுடர் டப்பாக்களைப் பள்ளிக்குக் கொண்டுபோகாதீர்கள். "மிஸ், நீங்க என்ன குடிச்சீங்க?" என்று கேட்கும் பிள்ளையிடம் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தாளா என்று முதலில் கேளுங்கள்.